வெறும் வானம்

எண் ஒன்றும் இல்லாத ஒரு படம் வேண்டியிருந்தது.
வருட முடிவுக் கணக்குகள் கொடுத்த வாரம்,
காலிமுகத் திடலில் நின்று
கடலையும் சனத்தையும் விட்டுவிட்டு
மேலே பார்த்து ஒரு தடவை அழுத்தினேன்.
வானம். வேறொன்றுமில்லை.
நீலத்தில் அச்சடிக்க இதைவிட இலகு எது என்று நினைத்தேன்.

முதல் தாளில் அது தகரக்கூரை மாதிரி வந்தது,
குறுக்குக் கோடுகள், மேலிருந்து கீழ்வரை.
மரம் ஒன்று இருந்திருந்தால்
பாதிக் குற்றத்தை இலைக்குள் ஒளித்திருப்பேன்.

நெகட்டிவ்வில் எல்லாம் மறுபக்கக் கணக்கு:
மை விழாத இடத்தால் வெயில் நுழையும்,
தாளில் அது கருநீலமாய் எழும்.
தூசி குந்திய இடம் வெள்ளை.
வரவைச் செலவாக வாசித்துப் பழகியவள் நான்,
எனக்கே இரண்டு நாள் தடுமாறியது.

பம்பலப்பிட்டியில் ரிஸ்மி சொன்னான்:
"தலையக் கழுவுங்க மெடம், ரெண்டு தரம்.
மூணாந்தரம் கழுவினா மைதான் முடியும்."
கழுவினேன். சோதனைத் தாளில்
உடைந்திருந்த படிகள் ஒவ்வொன்றாய் ஒட்டிக்கொண்டன.
கோடுகள் போயின.

புள்ளிகள் வந்தன.
எறும்பு ஊர்ந்தது போல ஒரே வரிசை, ஒரே இடைவெளி;
எறும்புக்கு அவ்வளவு ஒழுக்கம் கிடையாது.
தாளை இழுக்கிற பல்லுச் சக்கரம்
காயாத மையில் மிதித்துப் போன தடம்.
வெள்ளவத்தையில் எதுதான் காய்கிறது?
கடலுக்கும் என் ஜன்னலுக்கும் நடுவே ஒரு தண்டவாளம்,
ஈரம் டிக்கெட் எடுக்காமல் இறங்கி வீட்டுக்குள் வரும்.

மூன்றாம் மாடி மிஸிஸ் கந்தப்பா ஹெயார் ட்ரையர் தந்தா.
எதுக்கு என்றா.
வானம் காயவைக்க என்றேன்.
"காலமைக்குள்ள தந்திடும், ஷெரினுக்கு இன்டர்வியூ."

தாளை முதலில் சூடாக்கி, பிரிண்டரை மெதுவாக்கி,
ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்று விட்டேன்.
அதில் மை குளமாய்த் தேங்கி விரலோடு வந்தது.
பிரிண்டரைத் திட்டினேன், தாள் விற்ற கடையைத் திட்டினேன்,
பிறகு தாளைத் தடவிப் பார்த்தேன்.
வழுவழுப்பான பக்கம்.
நான்தான் மறுபக்கம் வைத்திருந்தேன்.

ஆறாவது தாள் மேல்மாடி வெயிலில் பன்னிரண்டு நிமிடம்.
வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைந்து போக
வானம் சுத்தமாய் வந்தது,
ஒரு மயிர்க்கோட்டைத் தவிர.

சாய்ந்த கோடு.
பிரிண்டருக்குச் சாய்ந்து பிழைவிடத் தெரியாது.
கண்ணாடியைத் துடைத்தேன், திருப்பிப் போட்டேன்: கோடு அசையவில்லை.
நெகட்டிவ்வைத் தலைகீழாக்கினேன்: கோடும் தலைகீழானது.
கீறலாக்கும் என்று புதிதாய் ஒன்று அடித்தேன்.
அதே இடம். அதே சாய்வு.

இரவு கம்ப்யூட்டரில் படத்தைப் பெருப்பித்தேன்,
நானூறு மடங்கு, எண்ணூறு.
கோட்டுக்கு ஒரு சின்னத் தொய்வு இருந்தது,
காற்று வயிறு வைத்த இடம்.

நூல்.

பட்டம் படத்துக்கு மேலே எங்கோ.
பிடித்த கை படத்துக்குக் கீழே எங்கோ;
என் பக்கத்திலேயே நின்றிருப்பார்கள்,
என் முழங்கை கூட இடித்திருக்கலாம்.
அழிக்க இரண்டு செக்கன் போதும்.
சுட்டி அதன் மேலே போய் நின்றது.
கடைசி ரயில் போனது, மேசை நடுங்கியது,
சுட்டியும் நடுங்கியது.

விடிய ஹெயார் ட்ரையரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், பிந்தித்தான்.
ஷெரின் ஈரத் தலையோடு கதவைத் திறந்து
என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள்.
"வடிவா இருக்கு அக்கா.
இதில மட்டும் ஒரு கோடு விழுந்திட்டுது."

ஓம் என்றேன்.