சனிக்கிழமைக் கழுத்து

பீச் மரத்தடியில், பாசிக்குள், சுண்டெலி நுழையுமளவு துளை.
கோலிக்குண்டு ஒன்றை அதில் போட்டால்
பன்னிரண்டு அடி குழாயில் உருண்டு போய்
கீழே தகர டப்பாவில் விழும்.
அந்தச் சத்தம் கேட்டால்தான்
பெரணிச் செடியோடு சேர்ந்து தரை திறக்கும்.

ஆறு பேர் நாங்கள்.
முயல் திருடும் ஈனக் ப்ராஸர்,
அவனை இரண்டு முறை பிடித்துக் கொடுத்த
காட்டுக் காவலன் ஹெட்லி,
ஆப்பிள் தோட்டத்து அண்ணன் தம்பி,
தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் லாம்பர்ட்
(இருமலை அடக்க ஒருபோதும் முடியாது அவனுக்கு).
அப்புறம் நான், ஊரில் முடி வெட்டுகிறவன்.

ஜெர்மன்காரன் வந்து
எங்கள் தலைக்கு மேலே நடந்து போனபின்
வெளியே வர வேண்டும்.
பாலம், பெட்ரோல் கிடங்கு, தண்டவாளம்.
பதினைந்து நாளைக்குச் சாப்பாடு அடுக்கியிருந்தது.
பதினாறாம் நாளைப் பற்றி ஈனக் கேட்டான்.
கேப்டன் தன் பைப்பைத் தட்டிச் சுத்தம் செய்தார்,
வெகுநேரம்.

வீட்டில் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருந்தோம்.
இரவில் நான் போவது எந்தப் பெண்ணிடம் என்று
லெட்டிஸ் ஒரு மாதம் பொறுத்தாள்,
பிறகு பனியில் என் காலடி பார்த்து
பீச் மரம் வரை வந்தாள்.
அங்கே தடம் முடிந்திருந்தது.
திரும்பிப் போனாள். ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

கடைக் கதவிடுக்கில் யாரோ
வெள்ளைக் கோழியிறகு செருகி வைத்தார்கள்.
சீருடை போடாத ஆண்பிள்ளை கோழை என்று அர்த்தம்.
சவரத்துக்கு வந்த கான்ஸ்டபிள் காரிஞ்ச்
அதை உருவிப் பார்த்தார்,
பைப்பைக் குடைய நல்லதாயிற்றே என்று
பையில் போட்டுக்கொண்டார்.

முத்திரையிட்ட உறை ஒன்றும் இருந்தது கீழே.
மணியடித்துப் படையெடுப்பு அறிவித்தால்தான் பிரிக்கலாம்.
பிரித்தோம், ஒரு நவம்பர் இரவு,
ரம் ஜாடியைப் பிரித்த அதே இரவு.
ஐந்து பெயர்கள். நம்மைப் பற்றித் தெரிந்தவர்கள்,
இருக்கக் கூடாதவர்கள்.
முதல் பெயரை ஹெட்லி வாசித்தபோது
எல்லோரும் மெழுகுத்திரியைப் பார்த்தோம்.
அதை விடுங்கள்.
இரண்டாவது காரிஞ்ச்.
குழி தோண்டிய அன்று அவர் நாய் வந்து
மூடிமேல் உட்கார்ந்தது;
அவர் தொப்பியைத் தொட்டு, மழை வரும் என்று சொல்லி,
நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.
'உன்னிடம்தானே வருகிறார் சனிக்கிழமை,'
என்றான் ஹெட்லி, என்னைப் பாராமல்.

இருநூற்றுச் சொச்சம் சனிக்கிழமைகள்.
வெந்நீர்த் துண்டு. சோப்பு நுரை. தோல்வாரில் கத்தி.
இடது காதுக்குக் கீழே மச்சம்,
மச்சத்துக்கு ஒரு விரல் தள்ளி அந்த நரம்பு.
அவர் கண்ணை மூடிக்கொண்டு
பன்றி விலையைப் பற்றிப் பேசுவார்.
வேறு எத்தனையோ கன்னங்களைக் கீறியிருக்கிறேன்,
அவருடையதை ஒருமுறைகூட இல்லை.

மணி அடிக்கவேயில்லை.
நன்றி, கலைந்து போங்கள் என்று கடிதம் வந்தது.
ரம் ஜாடியில் ஆறிய தேநீர் ஊற்றி
அரக்கை உருக்கி ஒட்டித் திருப்பி அனுப்பினான் லாம்பர்ட்.
ரசீதுகூட வந்தது.

அறுபத்தொன்று மார்ச்சில் கன்றுக்குட்டி ஒன்று
மண் சரிந்து உள்ளே விழுந்தது.
ஊரே கூடிற்று. பழைய கரிச்சூளை என்றார்கள் சிலர்.
ஈனக் தலையாட்டினான், ஆமாம் கரிச்சூளை.
ஓய்வுபெற்ற காரிஞ்ச் கயிற்றோடு வந்து
குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவினார்.
காலருக்கு மேலே பிடரி தெரிந்தது,
நான் வெட்டிய நரைமுடி, ஒரு பக்கம் கோணல்.
கன்று பிழைத்தது.

அந்த வாரம் நாற்காலியில் சாய்ந்தபடி
அவர் கையை விரித்தார். மண் அப்பிய கோலிக்குண்டு.
'பட்டியலில் நான் எத்தனையாவது?'
'இரண்டாவது.'
'ம்,' என்றார். முதல் பெயரைக் கேட்கவில்லை.
மாடியில் லெட்டிஸ்
கெட்டிலை அடுப்பில் வைக்கும் சத்தம்.
நான் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தேன்,
சூடு அதிகமாகத்தான் இருந்தது,
பிழிந்துகொண்டே இருந்தேன்.