மூன்றாம் நாள்: காலுறைகள்

மிரேயாவின் நோட்டில்
ஏழு நாளும் கட்டம் கட்டமாக இருந்தன.
முதல் நாள் படகு. இரண்டாம் நாள் லெங்கா மரக்காடு.
மூன்றாம் நாள் பனியாறு,
அதற்கு மட்டும் நீலப் பென்சிலால் அடிக்கோடு.
எத்தனை கிராம் ஓட்ஸ், எந்த ஓடையில் தண்ணீர்,
என் முழங்கால் எந்த இடத்தில் வலிக்கத் தொடங்கும்
என்பதுவரை எழுதிவைத்திருந்தாள்.
காற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

கொன்செப்சியோனிலிருந்து மூன்று பேருந்து, ஒரு லாரி.
ஐசேனின் தென்கோடியில்
சாலை போதுமென்று நின்றுவிடுகிற இடத்தில்
ஏரி நுரைத்துக்கொண்டிருந்தது.
படகுக்காரர் எலியோடோரோ கதவைப் பாதி திறந்து
"இன்னிக்கு இல்லை" என்றார்.
மறுநாள் கதவைத் திறக்கவே இல்லை,
ஜன்னலுக்குப் பின்னால் விரலை மட்டும் ஆட்டினார்.

துறையில் ஒரு தகரக் கொட்டகை.
அதற்குள் நாங்கள்,
ஆடுகளுக்குத் தடுப்பூசி போடும் ஒருவர்,
அவருடைய குளிர்பெட்டி,
அக்கரைக்காரி நோல்ஃபா,
அட்டைப்பெட்டி பிரிக்காத
அவளுடைய புத்தம்புதுச் சலவை இயந்திரம்.
"மூணு வருஷக் கம்பளிக் காசு" என்றாள்,
அதன் மேலேயே உட்கார்ந்து மாத்தே உறிஞ்சியபடி.

மிரேயா முதலில் கோபப்பட்டாள்.
பிறகு கணக்குப் போட்டாள்.
நாளை கிளம்பினால் கணவாயை விட்டுவிடலாம்,
அதற்கு மறுநாள் என்றால் பனியாற்றையும்.
கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டே போனதில்
திட்டம் கடைசியில்
அக்கரையில் இறங்கி
அதே படகில் திரும்புவதாக ஆயிற்று.
அதையும் ஒரு முறை உரக்க வாசித்தாள்.
நான் சிரித்திருக்கக் கூடாது.

அன்றிரவு மழை கூடாரத்துக்குள் வந்து படுத்தது.
விடியும்போது எங்களிடம் காய்ந்திருந்தவை
தீப்பெட்டியும் நோட்டும்தான்.
நோல்ஃபா எங்களைப் பார்த்தாள்,
பெட்டியைப் பார்த்தாள்,
இன்னொரு முறை எங்களைப் பார்த்தாள்.
கத்தியை எடுத்து அட்டையைக் கிழித்தாள்.
எலியோடோரோவின் ஜன்னல் வழியே ஒரு ஒயர்,
ஏரியிலிருந்து ஒன்பது வாளி.
தடுப்பூசிக்காரர் வழிமுறைத் தாளைச் சத்தமாக வாசித்தார்,
எச்சரிக்கை ஒன்றையும் விடாமல்.
இன்னும் வீடு போய்ச் சேராத அந்த இயந்திரம்
தன் முதல் துவைப்பாக
எங்கள் ஆறு ஜோடிக் காலுறையைச் சுழற்றியது.
பலகைத் தரை அதிர்ந்தது.
மூடியைத் திறந்துவைத்து
ஐந்து பேரும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
கிணற்றில் எதையோ போட்டுவிட்டவர்கள் போல.

மிரேயா நோட்டை எடுத்தாள்.
நீல அடிக்கோட்டின் மேலிருந்த சொல்லை அடித்துவிட்டு
'காலுறைகள்' என்று எழுதினாள்.

நான்காம் நாள் எதுவும் எழுதவில்லை.
துறைக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறினோம்.
வரைபடத்தில் அதற்குப் பெயர் கிடையாது,
உயரம் மட்டும் போட்டிருந்தது.
வழியெல்லாம் கலாஃபாத்தே முட்புதர்,
பழம் தின்று தின்று நாக்கு கறுத்துவிட்டது.
உச்சியில் மிரேயா
தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பிடித்தாள்.
தொங்கியது.
எனக்கு உடனே உறைக்கவில்லை.
மாட்டு ஈக்கள் மொய்க்க ஆரம்பித்த பிறகுதான்
காற்று நின்றுவிட்டதென்று தெரிந்தது.

கீழே இன்ஜின் சத்தம்.
ஹாரன் அடித்திருப்பார், நாங்கள் புதருக்குள் இருந்தபோது.
படகு துறையை விட்டு நூறு மீட்டர் போயிருந்தது,
பின்தளத்தில் தார்ப்பாய் போர்த்திய ஒரு சதுரம்,
அதைப் பிடித்தபடி ஒருத்தி கையை வீசினாள்.
எங்களுக்கா, ஈக்கா, சொல்ல முடியாது.

மிரேயா இரண்டு எட்டு ஓடினாள்.
பிறகு உட்கார்ந்தாள்.
ஐந்தாம் நாளுக்கென்று வைத்திருந்த
மத்தி மீன் டப்பாவை
அவளே திறந்தாள்.
விரலால் எடுத்துத் தின்றோம்.
இவ்வளவு பெரிய ஏரியை
இவ்வளவு நேரம்
நான் எங்கும் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

இறங்கி வந்தபோது கொட்டகை வேலியில்
காலுறைகள் காய்ந்து விறைத்திருந்தன.
பதினொன்று.
மறுபடி எண்ணினோம்.
ஒன்று அக்கரைக்குப் போய்விட்டது.