மேலடுக்கு

நூக் நகரத்தில் ஜனவரி.
பத்தரைக்கு விடிந்து மூன்றரைக்கு முடிந்துபோகிற பகல்.
ஆய்வகத்தில் இனாலுக்
பேரிக்காய் வடிவக் கண்ணாடிப் புனலைத்
தலைகீழாய்ப் பிடித்துக் குலுக்குகிறாள்.
உள்ளே ஐம்பது மில்லி தாய்ப்பால்,
அதன்மேல் ஹெக்சேன்.
நான்கு குலுக்கலுக்கு ஒருமுறை
குழாயைத் திறந்து மூச்சுவிட வைக்க வேண்டும்.
உஸ்ஸ்.
மறந்தால் மூடி தெறிக்கும்.
போன வருடம் தெறித்தது,
கூரையில் கறை இன்னும் இருக்கிறது.

புட்டியில் பெயர் இல்லை. முப்பத்தொன்று என்கிற எண்.
கிழக்குக் கரை.
குழந்தைக்கு ஆறு வாரம்.
வாரத்தில் எத்தனை நாள் கடல்நாய் இறைச்சி
என்ற கட்டத்துக்குள்
"கிடைக்கிற நாளெல்லாம்" என்று யாரோ
கட்டத்தை மீறி எழுதியிருக்கிறார்கள்.

அவள் தேடுவது
தண்ணீருக்குப் பிடிக்காத ஒன்றை.
எங்கோ வெயில் கொளுத்தும் வயல்களில்
பூச்சிக்காகத் தெளித்தது.
பூச்சி செத்தது. இது சாகவில்லை.
ஆவியாகிக் காற்றேறிக்
குளிர் கண்ட இடத்தில் இறங்கிக்
கடலில் விழுந்தும் கடலில் கரையவில்லை.
தண்ணீரில் ஒன்று தங்கினால்
அதே அளவு எண்ணெயில்
பத்து லட்சம் போய்த் தங்கும், அதற்கு மேலும்.
இதில் வஞ்சம் இல்லை, ஆசைகூட இல்லை.
இனம் இனத்தோடு சேரும் என்பார்களே,
அவ்வளவுதான்.

நம் பேச்சில் கொழுப்பு என்றால் திமிர்.
அங்கே கொழுப்பு என்றால் பிப்ரவரியைத் தாண்டுவது.
விளக்கு எரிந்தது அதில்,
பனிவண்டி ஓடியது அதில்.
பாசியிலிருந்து மீனுக்கு,
மீனிலிருந்து கடல்நாய்க்கு,
ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் கெட்டிப்பட்டு
தெளித்தவன் பெயர் தெரியாத ஒரு மார்பு வரை
வந்து சேர்ந்திருக்கிறது.

இன்றைக்குப் பால் பிரியமாட்டேன் என்கிறது.
நடுவில் நுரைபோல் ஒரு பட்டை,
மேலும் இல்லை கீழும் இல்லை.
இனாலுக் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறாள்.
காத்திருக்கிறாள்.
பால் என்பதே ஒரு சமாதானம்,
தண்ணீரும் கொழுப்பும்
ஒரே வீட்டில் முகம்கொடுத்துப் பேசுவது.
அதைக் கலைக்க அவளுக்குச் சம்பளம்.

கோடு விழுகிறது.
கீழே கலங்கல்.
மேலே தெளிந்தது, நிறமே இல்லாமல்,
எதுவும் செய்யாதவனின் முகத்தோடு.

பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி.
கிழக்குக் கரையின் செவிலி, வீபெக்கே.
முப்பத்தொன்று பக்கத்தில் நிற்கிறாள்,
கேட்கக் கூடாதுதான், ஆனால்
கொடுக்கலாமா, கீழே ஊற்றிவிடவா?
கொடுக்கலாம் என்கிறாள் இனாலுக்.
கொடுப்பதுதான் நல்லது.
அச்சிட்ட அட்டையில் இருக்கும் வாசகம்,
அவள் நம்பும் வாசகமும்.
தவிர, பால்மாவு ஏற்றிவரும் கப்பலுக்கு
ஜூலை வரை காத்திருக்க வேண்டும்.

அதோடு வைத்திருக்கலாம்.
தெரிந்தவர்களுக்கே வரும் வியாதி,
இன்னொரு வாக்கியம் சொல்லிவிட்டாள்:
இது இரண்டாவது பிள்ளைதானே, எண் குறைவாகவே வரும்,
முதல் பிள்ளைக்குக் கொடுத்தபோதே
ஒரு பங்கு இறங்கியிருக்கும்.

அந்தப் பக்கம் அதை வேறு மொழியில் சொல்கிற சத்தம்.
பிறகு சத்தம் இல்லை.
பிறகு ஒரு குரல், செவிலியுடையது அல்ல:
"எங்கே இறங்கியிருக்கும்?"

இனாலுக் மேலடுக்கைப் பார்த்தாள்.
கம்பி இரைந்தது.
மூத்தவளுக்கு எட்டு வயது, சாபினே என்று பெயர்,
முன்பல் விழுந்து முளைக்கிறது, நன்றாகப் படிக்கிறாள்
என்று அந்தக் குரலே சொல்லிக்கொண்டு போனது,
யாரோ அவள்மேல் புகார் சொன்னதைப்போல.
நன்றாகப் படிக்கிறாளா, நல்லது, என்றாள் இனாலுக்.
வேறு எதுவும் அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை.

புனலைத் தாங்கியில் விட்டுவிட்டு
சோப்புப் போட்டுக் கை கழுவினாள், இரண்டு முறை.
சாப்பாட்டு டப்பாவில் உலர்ந்த மீன்,
தாளில் சுற்றிய கடல்நாய்க் கொழுப்பு, இரு விரல் அகலம்.
ஜன்னலோரம் நின்று தின்றாள்.
ருசியாகத்தான் இருந்தது.