இருக்கேன்

பதினேழாம் எண்தான் முதலில் செத்தது.
திருகாணி கழற்றிப் பார்த்தோம்.
ஈரமில்லை, துருவில்லை,
எலிகூடக் கடித்திருக்கவில்லை.
தலைமைக் கம்பத்துக்கு மிக அருகில் நட்டிருந்தோம்,
அது ஒன்றே அதன் விதி.
மற்ற முப்பத்தொன்பதின் சேதியையும்
தன் சேதிபோலச் சுமந்து சுமந்து
ஜனவரியிலேயே தீர்ந்துபோயிருந்தது.

தியென்ஷான் மலை. உருகும் பனியாற்றின் மடியில் ஓர் ஏரி.
கரை உடைந்தால்
கீழே ஊருக்கு இருபது நிமிட அவகாசம்.
கம்பி இழுக்க வழியில்லை,
சூரியத் தகடு நவம்பரிலேயே பனிக்குள் புதைந்துவிடும்.
எர்கின்பெக்கின் குதிரைகளில் ஏற்றிவந்த
ஆளுக்கு இரண்டு பேட்டரி,
அவ்வளவுதான் குளிர்காலத்துக்கான கையிருப்பு.

பிஷ்கெக்கில் அறைக்குள் அமர்ந்து கணக்குப் போட்டேன்.
அளப்பது மலிவு.
பேசுவது செலவு.
யாராவது அழைப்பார்களா என்று
காதைத் திறந்து காத்திருப்பதும்
பேச்சுக்குக் குறையாத செலவு.

ஆகவே எல்லாவற்றையும் உறங்கச் சொன்னேன்.
நிமிடத்துக்கு ஓர் இமைப்பொழுது விழி,
நீர்மட்டம் பார்,
மாறவில்லையென்றால் வாய் திறக்காதே.
சுமக்கும் வேலையை முறைவைத்துக்கொள்:
இன்று நான்காம் எண், நாளை இருபத்திரண்டு.
ஒரு குளிர்காலம் மூன்றானது.
எனக்கு நானே ஒரு பியர் வாங்கிக்கொண்டேன்.

இரவு இரண்டு மணிக்கு போன்.
அவசர அலுவலகத்தில் இரவுப்பணி பார்க்கும் சைகால்.
நிமிடத்துக்கொரு முறை சிமிட்டிய பச்சைப் புள்ளியோடு
மூன்று வருடம் பின்னல் போட்டவள்.
"ஏரி சும்மா இருக்கா,
இல்ல நாற்பதும் செத்துப்போச்சா?
இங்கிருந்து பார்த்தா
ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

என் நிரலைத் திறந்து பார்த்தேன்.
அங்கிருந்து பார்த்தாலும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

விடிவதற்குள் ஒரு வரி சேர்த்தேன்.
ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு பைட்.
அளவு எதுவும் இல்லை அதில்,
இருக்கேன் என்பதைத் தவிர.
விலை: மூன்றாம் குளிர்காலத்தின் கடைசிப் பதினோரு நாள்.
அந்தப் பதினோரு நாளுக்கு முன்பே
குளிரில் சாகாதபடி
கோட்டுக்குள் மார்போடு பேட்டரிகளை அணைத்துக்கொண்டு
நான்தான் மலையேற வேண்டும்.
ஏறுகிறேன்.

சைகால் அதன்பின் அழைக்கவேயில்லை.
தூங்கிவிட்டாளா, கோபமா,
வேலையை விட்டுவிட்டாளா, தெரியவில்லை.
ஆறு மணிக்கு ஒருமுறை
என் போனை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.