பதினோரு மாதச் சம்பளம்

பத்தொன்பதாம் நாள்.
தருமபுரி ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர்ப்புறம்
ஷாமியானாவின் கிழிந்த மூலையை
நேற்று நான்தான் தைத்தேன்,
ஊசி வைத்திருக்கிற ஒரே ஆள் என்பதால்.
இன்று அதன் கீழே
அரசாங்கத்தின் வார்த்தை வந்து சேர்ந்திருக்கிறது,
சென்னையில் யாரோ போனில் பிடித்த படமாக,
ஓரம் வெட்டுப்பட்டு,
மூன்றாவது பத்தியில் கட்டைவிரல் நிழலோடு.

உடற்கல்வி பச்சையப்பன் உரக்க வாசிக்கிறார்,
அணிவகுப்புக்குக் கட்டளை கொடுக்கும் அதே குரலில்:
மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு உயர்வு.
மருத்துவக் காப்பீடு.
பணி நிரந்தரக் கோரிக்கை
உரிய காலத்தில்
கனிவுடன் பரிசீலிக்கப்படும்.
‘கனிவுடன்’ என்ற இடத்தில்
பின்வரிசையில் ஒருவர் தும்முகிறார்.

மே மாதத்தைப் பற்றி ஒன்றுமில்லை.
கம்ப்யூட்டர் ஷாஹிதா
படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினாள்.
அந்தக் கட்டைவிரலுக்கு அடியில் இருக்குமோ என்று
எங்களில் பாதிப் பேர் இன்னும் நம்புகிறோம்.

வாரத்துக்கு மூன்று அரைநாள் என்றுதான்
வேலைக்கு எடுத்தார்கள்.
அந்த அரைநாளில்
சத்துணவு முட்டை எண்ணுகிறோம்,
லீவில் போனவரின் கணக்கு வகுப்பில் உட்காருகிறோம்,
ஆண்டுவிழாவுக்கு மயில் தோகை தைக்கிறோம்.
ஏப்ரல் முப்பதோடு எங்களை மடித்து வைத்து
ஜூனில் உதறி எடுக்கிறார்கள்.
மே மாதம் இவர்களுக்குப் பசிக்காது என்று
ஏதோ ஒரு கோப்பில் குறிப்பு இருக்க வேண்டும்.

போன் அடிக்கிறது.
பாலக்கோடு மண்டியிலிருந்து அவர்.
“கூடை எழுபதுக்குக் கேட்டான். குடுத்துட்டேன்.
சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தா
மாட்டுக்குத்தான் கொட்டணும்.
உங்களுக்கு எவ்ளோ சொன்னாங்க?”
சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஏலச் சத்தம் மட்டும் கேட்டது.
“வாங்கிக்கோ” என்றார்.
பிறகு,
“நீ தக்காளி இல்லதான்” என்று சொல்லி
வைத்துவிட்டார்.

இரண்டாயிரத்து ஐந்நூறை
நோட்டின் பின்னட்டையில் வெட்டிப் பார்க்கிறேன்.
கூட்டுறவு வங்கியில் கிடக்கும் வளையலுக்கு வட்டி.
சேலத்தில் பாலிடெக்னிக் படிக்கிறவனின் மெஸ் பாக்கி.
இந்தப் பத்தொன்பது நாள்
பிடிக்கப்போகிற சம்பளம் வேறு.
துணி நாலு இஞ்ச் குறைகிறது.
குறைந்தால் என்ன செய்வது என்று
பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்:
ஒட்டுப் போடு, கையைக் குட்டையாக்கு,
பாக்கெட்டை விட்டுவிடு.
போடுகிறவர் கேட்டால்
இப்போது இதுதான் பேஷன் என்று சொல்.

“கைக்கு வர்றத விடக் கூடாது” என்கிறார்
காரிமங்கலம் மாதையன்.
ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது அவருக்கு.
“இத வாங்கிட்டா
அப்புறம் வாயத் தொறக்க முடியாது சார்” என்கிறாள்
பென்னாகரத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்த முனிரத்னா.
இரண்டு பேரும் சொல்வது சரி.
எனக்குப் பயமே அதுதான்.

ஓவியம் நஞ்சப்பன்
சார்ட் பேப்பரைச் சீட்டுச் சீட்டாகக் கிழித்தார்,
அளவுகோல் இல்லாமல், எல்லாம் ஒரே அளவில்.
ஓட்டுப்பெட்டிக்கு என் டிபன் டப்பா.
இரண்டு தடவை கழுவியும்
எலுமிச்சைச் சாத வாசனை போகவில்லை.

எண்ணினார்கள்.
ஆம், நாற்பத்தொன்று.
இல்லை, நாற்பத்தொன்று.
கடைசிச் சீட்டை விரித்து
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நஞ்சப்பன் படித்தார்:
“மே.”

ஆடு கத்தியது போலவே இருந்தது.
காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் உட்பட
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்,
என் கையெழுத்தை யாரும் அடையாளம் காணாதபடி.

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.
செல்லாத ஓட்டு என்றார் ஒருவர்.
இது ஒன்றுதான் செல்லும் என்றாள் ஷாஹிதா.
நஞ்சப்பன் அதை
எந்தக் குவியலிலும் சேர்க்கவில்லை.
காற்று கிளம்பியிருந்தது.
தண்ணீர் பாட்டிலை எடுத்து அதன்மேல் வைத்தார்.

ஐந்தரை பஸ்ஸுக்கு எழுந்து
டப்பாவைக் கேட்டேன்.
“இருக்கட்டும் டீச்சர்,
நாளைக்கும் வேணும்.”