மிளகளவு

கீழமாசி வீதியில் மூன்று மணிக்கு மேல்
சுமைவண்டிகள் குறைந்ததும்
தூக்கம் வாங்க வருவார்கள்.

யாரும் தூக்கம் என்று கேட்பதில்லை.
ஜாதிக்காய் இருக்கா என்பார்கள், பாயசத்துக்குக் கேட்பது போல.
கசகசா என்பார்கள், குருமாவுக்குக் கேட்பது போல.
அமுக்கரா கேட்கிறவர் மட்டும்
மூட்டுவலி என்று தானாகவே சொல்லிவிடுவார்.
நான் எதுவும் கேட்கவில்லையே.

பதினோரு வருடமாய்ப் பொட்டலம் மடிக்கிறேன்.
கண்ணுக்குக் கீழே தேங்கிய கறுப்பைத்
தராசில்லாமல் நிறுத்துவிடுவேன்.
தூங்காநகரம் என்று இந்த ஊருக்குப் பெயர் வைத்தவருக்கு
ராத்திரி இட்லிக்கடை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

பெரியாஸ்பத்திரி நர்ஸ் மெர்லினுக்கு சடாமாஞ்சில்.
முகர்ந்து பார்த்து, ‘ஆட்டுக் கொட்டில்’ என்று முகம் சுளித்து
ஐம்பது கிராம் வாங்கிப் போவாள்.

போன செவ்வாய் செல்லூர் துளசிராம் வந்தார்.
பதினாறு தறியில் ஒன்பது நிற்கிறது.
ஓடும்போதெல்லாம் தூங்கிய மனிதர்;
நின்ற பிறகுதான் சத்தம் கேட்கிறதாம்.
‘நெஞ்சுக்குள்ள நாடா போய்ப் போய் வருதும்மா.’

பாலில் உரைத்து ஒரு மிளகளவு,
அதற்கு மேல் போனால் தலை சுற்றும் என்றேன்.
மிளகளவா, என்று திரும்பக் கேட்டுத்
தவணைத் தேதியைப் போல
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

அவர் படியிறங்கவும்
ஃபைனான்ஸ் எட்வின் பைக்கை நிறுத்தவும் சரியாக இருந்தது.
வாசலில் அடுக்கிய கடுக்காய் மூட்டைகளுக்குப் பின்னால்
துளசிராமைக் காணோம்.

எட்வின் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
‘அக்கா, தூங்கவே முடியல.’
அவன் ஒருவன்தான் அந்த வார்த்தையைச் சொன்னான்.
மாதக் கடைசிக்குள் இருபத்து மூன்று வீடு பாக்கி.
பகலில் அவன் தட்டுகிற கதவெல்லாம்
ராத்திரி வந்து அவனைத் தட்டுகிறதாம்.

பக்கத்துக் கடையில் வற்றல் கொட்டினார்கள்.
மூட்டைக்குப் பின்னால் ஓர் இருமல்.
எட்வின் பார்த்தான்.
செருப்பு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அலமாரிப் பக்கம் திரும்பி,
‘அது என்ன பாட்டிலு?’
தேன்.
‘அது?’
அதுவும் தேன்.
‘அதுக்கு மேல?’
செருப்பு இல்லாமல் போகும்வரை
கேட்டுக்கொண்டே இருந்தான்.

அவனுக்கும் ஒரு ஜாதிக்காய், அதே மிளகளவு.
ஒரே நாளிதழை இரண்டாய்க் கிழித்திருந்தேன்:
அவர் கொண்டுபோனதில் நகை ஏல அறிவிப்பின் மேல்பாதி,
இவனுக்கு மடித்ததில் பெயர்கள்.

வெள்ளிக்கிழமை திரும்ப வந்து
‘ஒண்ணும் கேக்கலக்கா’ என்றான்.
காசைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை.
பெரியாஸ்பத்திரியில் சீட்டுப் போடு,
மெர்லினிடம் என் பேரைச் சொல் என்றேன்.
துளசிராம் வரவில்லை.
தூங்குகிறாரா, ஊரைவிட்டே போய்விட்டாரா,
மருந்துக்கடையில் அது தெரியாது.

எனக்கு மருதாணிப் பூ.
தலையணை உறைக்குள் போட்டிருக்கிறேன்,
வாசனை மட்டும் நன்றாக இருக்கிறது.
எங்கள் மேலப்பொன்னகரத்துப் பக்கம்
இரண்டு நாற்பதுக்கு ஒரு சரக்கு ரயில்.
பெட்டிகளை எண்ணுவேன். நாற்பத்திரண்டு, எப்போதும்.

அந்தச் செவ்வாய் இரவு மட்டும்
பதினேழு வரைதான் நினைவிருக்கிறது.