இணைப்பு: ஒன்று

கிடினியா துறைமுகத்தில் பனி விழுகிறது.
மீன் டப்பா ஆலை மூடி நாற்பது நாள்.
பொஷேனா மடிக்கணினியைத் திறக்கிறாள்.
அடுப்பில் பீட்ரூட் சூப்
மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறது.
வழியட்டும்.

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மா" —
நடுவில் நின்ற சாய்கோட்டையே
வெகுநேரம் பார்த்திருந்தாள்.
சாய்கோடா வேலை கொடுக்கப்போகிறது?
கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டுப்
பெயரைக் கேட்டாள்.
இரெனேயுஷ் வில்கோஷ்.
கடைசி எழுத்தை இரண்டு தரம் சொல்லச் சொன்னாள்.

"கடின உழைப்பாளி."
அழித்தாள்.
"எல்லோருடனும் இணங்கிப் போவேன்."
பக்கத்து மேசை உர்ஷுலாவோடு
மூன்று வருஷமாய்ப் பேச்சில்லை.
அதையும் அழித்தாள்.

வெள்ளைத் திரையில்
கர்சர் மட்டும் கண்ணடித்தது.

பிறகு எழுதினாள்:
"மூடிய டப்பாவை விரல்முட்டியால் தட்டுவேன்.
நல்லது டிண் என்னும். கெட்டது தொப்.
நிமிஷத்துக்கு நாற்பது, பன்னிரண்டு வருஷம்.
உங்கள் என்ஜின் அறையில் ஏதாவது சுருதி பிசகினால்
மீட்டருக்கு முன்னால் எனக்குத் தெரியலாம்.
நிச்சயமில்லை. கேட்டுப் பார்க்க வேண்டும்."

"நிச்சயமில்லை"யை அழிக்கப் போன விரல்
பாதி வழியில் திரும்பிவிட்டது.

அனுப்பினாள்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது கடைசி வரி:
"தங்கள் பேக்கரியில் சேர ஆவலுடன்."
போன வாரக் கடிதத்தின் மிச்சம்.

அடுப்பை அணைத்தாள்.
வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை.
மூடியைத் திறக்காமலே
சட்டியைத் தட்டினாள்:

பாதி இருக்கிறது.